வாத்தும் அன்னமும் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வணக்கம். சீர்திருத்த ஞாயிறு அன்று எங்கள் சபையில் போதகர் ஜான் ஹஸ் என்ற 15-ஆம் நூற்றாண்டு செக் பிரசங்கியாரைப் பற்றிப் பேசினார். அவரை உயிரோடு எரிக்கும்போது, "இன்று ஒரு வாத்தைச் சுடுகிறீர்கள், நூறு வருடம் கழித்து ஓர் அன்னம் வரும், அதை உங்களால் சுட முடியாது" என்று தீர்க்கதரிசனம் சொன்னாராம். அதேபோல நூறு வருடத்தில் மார்ட்டின் லூதர் வந்தார் என்றார். கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நான் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அடுத்த வாரம் அதை அங்கே சொன்னேன். ஒரு பையன் எழுந்து, "அவங்க கேட்டமாதிரி ஒரு கையெழுத்து போட்டுட்டு ஊருக்குத் திரும்பிப்போய் மறுபடி பிரசங்கம் பண்ணியிருக்கலாமே சார்? லூதர் ஒளிஞ்சு தப்பிச்சாரே?" என்று கேட்டான். "அதுதான்ப்பா விசுவாசம்" என்று சொல்லி உட்காரவைத்துவிட்டேன். எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை. அந்தத் தீர்க்கதரிசனம் உண்மையா? பையனுக்கு என்ன சொல்வது?

எஸ்., மயிலாடுதுறை

அன்புள்ள எஸ்.,

முதலில் வாத்தை முடித்துவிடுவோம். செக் மொழியில் ஹுசா என்றால் வாத்து. அவர் பிறந்த ஊர் ஹுசினெட்ஸ். அந்த ஊர்ப் பெயரைச் சுருக்கித்தான் அவர் தன்னை யான் ஹுஸ் என்று எழுதிக்கொண்டார். தன் பெயரை வைத்து அவரே கடிதங்களில் விளையாடுவார். தான் பிரசங்கம் செய்த செக் நாட்டுப் பிராக் நகரத்தை விட்டு வெளியேற நேர்ந்த காலத்தில், வாத்து வீட்டுப் பறவை, உயரப் பறக்கத் தெரியாது, அதற்கே இவர்கள் இத்தனை வலை விரிக்கிறார்கள், உயரப் பறக்கும் வேறு பறவைகள் வந்து இந்த வலைகளை அறுத்துவிடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அன்னமும் இல்லை, நூறு வருடமும் இல்லை. அந்த இரண்டும் சேர்ந்த வடிவத்தை 1531-ல் எழுதியவர் லூதரே. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சு அப்படித்தான் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆனால் எரித்த இடத்தில் உடனிருந்து எல்லாவற்றையும் எழுதிவைத்த மிளாடோனோவிட்ஸ் ஊர்க்காரர் பீட்டரின் குறிப்பில் இப்படி ஒரு வாக்கியம் கிடையாது.

அது நடந்ததா இல்லையா என்பதோடு எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அந்தக் கதை ஹுஸை வேறொருவர் வருவதை அறிவித்துவிட்டுப் போகிறவராக ஆக்கிவிடுகிறது. அவருடைய சாவு அவருடையது. லூதர் வராமலே போயிருந்தாலும் அதற்கு மதிப்புக் குறையாது.

இனி உங்கள் மாணவனின் கேள்வி. நல்ல கேள்வி. அவனிடம் இன்னொரு தடவை பேசுங்கள்.

பிராகில் பெத்லகேம் சிற்றாலயம் என்று ஒன்று 1391-ல் தொடங்கப்பட்டது. சிற்றாலயம் என்று பெயரே தவிர, சுமார் 3,000 பேர் நிற்கலாம். செக் மொழியில் பிரசங்கம் செய்வதற்கென்றே கட்டியது. பூசை லத்தீனிலும் பல்கலைக்கழக அதிகாரம் ஜெர்மானியர் கையிலும் இருந்த ஊர் அது. 1402-ல் ஹுஸ் அங்கே பிரசங்கியார் ஆனார். கூட்டம் கூடியது. பெருங்கூட்டத்துக்கு முன்னால், சொந்த மொழியில், குருக்களின் பணத்தாசையைப் பற்றிப் பேசினால் என்ன ஆகுமோ அது ஆனது.

அப்போது திருச்சபைக்கு மூன்று போப்புகள். மூவரும் தான்தான் உண்மையான போப் என்று சொல்லி மற்ற இருவரையும் சபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் 23-ஆம் யோவான். (ரோமின் பட்டியலில் இன்று அவர் இல்லை. அதனால்தான் 1958-ல் பொறுப்பேற்ற போப் அதே பெயரையும் எண்ணையும் எடுத்துக்கொள்ள முடிந்தது.) நேப்பிள்ஸ் அரசன்மீது போர் தொடுக்க அவருக்குப் பணம் தேவைப்பட்டது. 1412-ல் பிராகில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு வந்தது. ஹுஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். விற்பனையைக் கண்டித்துக் கோவிலிலேயே குரல் கொடுத்த மூன்று இளைஞர்களின் தலையை வெட்டினார்கள். செக் நாட்டு அரசருக்கும் விற்பனையில் பங்கு உண்டு, அதனால் அதுவரை இருந்த அரச ஆதரவும் போயிற்று. ஹுஸ் இருக்கும்வரை பிராகில் எந்த வழிபாடும் நடக்கக்கூடாது என்ற தடை வந்தது. தன்னால் ஊர் சனங்கள் கஷ்டப்படக்கூடாது என்று வெளியேறினார். போகுமுன், போப்பின் தீர்ப்புக்கு எதிராகக் கிறிஸ்துவிடமே மேல்முறையீடு செய்வதாக எழுதி வெளியிட்டார். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு மேல்முறையீட்டுக்கு வழியே இல்லை.

1414-ல் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் ஆயர்களும் பண்டிதர்களும் சேர்ந்த திருச்சபைப் பொதுச்சங்கம் கூடியது. நீங்கள் வந்து உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள், பாதுகாப்புக்கு நான் பொறுப்பு என்றார் ஜெர்மானிய அரசர் சிகிஸ்முண்ட். ஹுஸ் போனார். அங்கே பேசுவதற்காகச் சமாதானத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கூடத் தயாரித்திருந்தார். நவம்பர் 3 அன்று போய்ச் சேர்ந்தவரை அந்த மாதம் 28-ஆம் தேதியே கைது செய்தார்கள். அந்தப் பிரசங்கத்தை யாரும் கேட்கவில்லை. பதிதனுக்கு, அதாவது சபையின் போதனைக்கு மாறாகப் போதிக்கிறவனுக்கு, கொடுத்த வாக்கு செல்லாது என்று சொல்லி அரசரையும் சரிக்கட்டிவிட்டார்கள்.

இந்த இடத்தைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது சங்கத்தில் இருந்த எல்லோரையும் கெட்டவர்களாகக் காட்டிவிடாதீர்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற பகுதியே இதுதான். அங்கே முன்னணியில் நின்ற பியேர் தையியும் ஜான் ஜெர்சோனும் அந்தக் காலத்தின் பெரிய சீர்திருத்தவாதிகள். போப்பைவிடச் சங்கத்துக்கு அதிகாரம் அதிகம் என்று 1415 ஏப்ரலில் அறிவித்தது அதே சங்கம். அடுத்த மாதம் 23-ஆம் யோவானைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. வைத்த இடம் கோட்லீபன் கோட்டை. அவருடைய சீட்டு விற்பனையை எதிர்த்த ஹுஸும் அந்தக் கோட்டையில்தான் விலங்கோடு அடைபட்டிருந்தார். நாற்பது வருடமாகப் பிளந்து கிடந்த திருச்சபையை ஒட்டவைக்க வந்தவர்கள் அவர்கள். தலையை மாற்றினால் உடம்பு சரியாகும் என்று நம்பினார்கள். கொடும்பாவத்தில் இருக்கிற போப் கடவுளின் பார்வையில் போப்பே அல்ல என்ற ஹுஸின் பேச்சு, பதவி என்ற ஒன்றையே அசைத்தது. அரசனுக்கும் அப்படித்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றார். ஜன்னல் பக்கம் நின்றிருந்த சிகிஸ்முண்டை உள்ளே கூப்பிட்டு, அவர் காதுபட அதைத் திருப்பிச் சொல்லவைத்தார்கள்.

சரி, அந்தக் கையெழுத்து. அவர்கள் கேட்டது, எழுதித் தருகிற வாசகத்தின்படி தன் போதனைகளைத் தவறென்று ஒப்புக்கொண்டு சத்தியம் செய்யச் சொல்லி. குற்றச்சாட்டுகளில் இரண்டு வகை. ஒன்று, அவர் உண்மையிலேயே எழுதியவை. இவற்றை வேதத்தைக் கொண்டு தவறென்று காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன் என்றார். இன்னொன்று, அவர் ஒருபோதும் சொல்லாதவை. நற்கருணையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறது என்று போதித்தார் என்றார்கள். அது இங்கிலாந்தின் விக்ளிஃப் சொன்னது. ஹுஸ் கடைசிவரை அந்த விஷயத்தில் கத்தோலிக்கப் போதனையையே ஏற்றவர். திரித்துவத்தில் தான் நான்காவது ஆள் என்று சொன்னாராம். யார் அப்படிச் சாட்சி சொன்னது, பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார். சொல்லவில்லை.

சொல்லாத ஒன்றை "இனிச் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்தால், முன்பு சொன்னேன் என்று ஆகிவிடும். ஹுஸ் நின்ற இடம் இதுதான். சங்கத்தில் சிலர் நிஜமாகவே அவரைக் காப்பாற்ற நினைத்தார்கள், மென்மையான வாசகம் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வேதபண்டிதர் சொன்னாராம்: உங்களுக்கு ஒரு கண்தான் என்று சங்கம் சொன்னால், இரண்டு கண் இருந்தாலும் ஆமாம் என்பதுதான் கடமை. உலகமே சேர்ந்து சொன்னாலும், எனக்குப் புத்தி இருக்கும்வரை மனசாட்சியை மீறாமல் அதைச் சொல்ல முடியாது என்று ஹுஸ் பதில் சொன்னதாக அவர் கடிதத்திலேயே இருக்கிறது.

என் அப்பா வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை கணக்கில் குறை வந்தது. அவர் செய்த தவறு அல்ல. "மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க, ஃபைலை மூடிடலாம்" என்றார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர் படித்துக்கொண்டிருந்தோம். எழுதிக் கொடுத்தார். அதை நான் ஒருபோதும் தவறாக நினைத்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருபது வருடம், யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் அப்பா சுற்றிச்சுற்றி அந்த ஒரு வரிக்கே வந்து நிற்பார். ஹுஸின் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் முகம்தான் வருகிறது.

அப்புறம், கையெழுத்துப் போட்டால் ஊருக்குத் திரும்பியிருக்கலாம் என்பதும் சரியில்லை. அவர் பணிந்தால் குருப்பட்டத்தைப் பறித்து ஆயுள் முழுக்க அடைத்துவைக்க வேண்டும் என்றுதான் சங்கம் எழுதிவைத்திருந்தது. அவருடைய நண்பர் பிராக் ஜெரோம் 1415 செப்டம்பரில் பணிந்து பார்த்தார். அவரை விடவில்லை. மாதக்கணக்கில் சிறையில் கிடந்து, பணிந்தது தவறு என்று அவரே திரும்பப் பெற்றார். 1416 மே 30 அன்று அவரையும் எரித்தார்கள்.

1415 ஜூலை 6. தலைமைக் கோவிலில் வைத்துப் பூசை உடைகளை உடுத்தச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகச் சபித்துக் கழற்றினார்கள். கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினார்கள். அதை இன்றைக்கே கிறிஸ்துவின் ராஜ்யத்தில் குடிப்பேன் என்று நம்புகிறேன் என்றார். குருவுக்கு அடையாளமாக உச்சியில் மழித்திருந்த முடி வட்டத்தை அழிக்கக் கத்தியா, கத்தரிக்கோலா என்று ஆயர்களுக்குள் தகராறு வந்தது. பிசாசுப் படம் வரைந்த காகிதத் தொப்பியை வைத்துக் கூட்டிப்போனார்கள். கட்டைகளை அடுக்கிய பிறகும், மறுத்துச் சொல், உயிர் பிழைக்கலாம் என்று கேட்டார்கள். பொய்ச் சாட்சிகள் என்மேல் சுமத்தியதை நான் ஒருபோதும் போதித்ததில்லை, கடவுளே சாட்சி என்றார். கடைசிப் பேச்சிலும் அதே விஷயம். யாரும் பொறுக்கிக்கொண்டு போகக்கூடாது என்று சாம்பலை ரைன் நதியில் கொட்டினார்கள்.

லூதர் தப்பித்தது வேறு காலம், வேறு கணக்கு. ஆனால் அவரைக் கோழை என்று பையன் நினைக்கவேண்டாம். 1521-ல் வோர்ம்ஸ் நகரத்துக்கும் இதே மாதிரி ஒரு பாதுகாப்புக் கடிதத்தை நம்பித்தான் போனார், ஹுஸுக்கு நடந்தது தெரிந்தே போனார். சாக்சனியின் பிரெடரிக் அவரை வழியில் கடத்தி வார்ட்பர்க் கோட்டையில் வைத்துக் காப்பாற்றினார். ஹுஸுக்கு அப்படி ஒரு பிரெடரிக் இல்லை, அச்சகமும் இல்லை. இருவரும் சந்திக்கிற இடம் என்று எனக்குத் தோன்றுவது லைப்சிக். 1409-ல் பிராக் பல்கலைக்கழகத்தின் ஓட்டுரிமைத் தகராறில் ஹுஸின் பக்கம் வென்றபோது பிராகை விட்டுக் கோபித்துக்கொண்டு போன ஜெர்மானிய ஆசிரியர்கள் தொடங்கியதுதான் லைப்சிக் பல்கலைக்கழகம். 110 வருடம் கழித்து அதே ஊரில் நடந்த வாதத்தில், நீ ஹுஸின் ஆள் என்று எக் என்ற பண்டிதர் லூதரை மடக்கினார். லூதர் முதலில் மறுத்தார். இடைவேளையில் போய்ச் சங்கத்தின் ஆவணங்களைப் படித்துவிட்டு வந்து, ஹுஸ் சொன்னவற்றில் பல முழுக்கக் கிறிஸ்தவமானவை என்று சபை நடுவே சொன்னார். அடுத்த ஆண்டு ஒரு நண்பருக்கு எழுதும்போது, நமக்கே தெரியாமல் நாமெல்லோரும் ஹுஸ்காரர்கள் என்கிறார். அன்னத்தைப் பற்றிச் சொல்வதைவிட இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நீங்கள் மயிலாடுதுறையில் இருப்பதால் இன்னொன்று. ஹுஸின் வழியில் வந்தவர்கள் 1457-ல் சகோதரர் சபை என்று தனியாக அமைந்தார்கள். 1620-க்குப் பிறகு சொந்த நாட்டில் தலைகாட்ட முடியாமல் போய், 1722-ல் சாக்சனியில் சின்சென்டோர்ஃப் பிரபுவின் நிலத்தில் அகதிகளாக ஒதுங்கினார்கள். மொராவியர் என்று நாம் சொல்வது அவர்களைத்தான். 1760-ல் அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்து, ஊருக்கு வெளியே தோட்டம் போட்டுக் கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். டென்மார்க் அரசு அவர்களை நிக்கோபாருக்கு அனுப்பக் கேட்டிருந்தது. அங்கே போனவர்களில் பலர் காய்ச்சலில் செத்தார்கள். 1803 வாக்கில் மிஞ்சியவர்களும் கிளம்பிவிட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஹுஸின் பேரப்பிள்ளைகள் நாற்பது வருடம் குடியிருந்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஒருநாள் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போங்கள்.

போகும்போது பேருந்தில் அந்தப் பையனிடம் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள். கான்ஸ்டன்ஸுக்குக் கிளம்புமுன் ஹுஸ் தன் மாணவர் மார்ட்டினுக்கு எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தது. நான் செத்துவிட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் பிரி என்று மேலே எழுதியிருந்தார். உள்ளே பெரிய தத்துவம் எதுவும் இல்லை. குருவாவதற்கு முன் சதுரங்கம் ஆடி நேரத்தை வீணாக்கினேன், ஆட்டத்தில் கோபப்பட்டேன், மற்றவர்களையும் கோபப்படுத்தினேன், நல்ல உடைகள்மேல் ஆசை வைத்தேன், நீ அப்படிச் செய்யாதே என்கிறார். என் சாம்பல்நிற அங்கியை ஞாபகமாக வைத்துக்கொள், ஆனால் உனக்கு அந்த நிறம் பிடிக்காது என்று நினைக்கிறேன், அப்படியென்றால் உனக்கு இஷ்டமானவருக்குக் கொடுத்துவிடு என்கிறார்.

அன்புடன்.