கொழும்பில் சட்டத்தரணியாக இருப்பவர் கனடா போய் குடிவரவு, குற்றவியல் வழக்குகள் இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். கனேடியக் குடியுரிமைகூடத் தேவையில்லை. சட்டத்தரணி ஆவதற்குக் குடியுரிமை வேண்டும் என்ற பிரிட்டிஷ் கொலம்பியாவின் விதியை 1989இல் அன்ட்ரூஸ் வழக்கில் கனேடிய உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்துவிட்டது. ஆனால் புதுக்கடை நீதிமன்றங்களில் எத்தனை வருடம் வாதாடியிருந்தாலும் நேரே அங்கே வழக்கெடுக்க முடியாது.

முதலில் என்.சி.ஏ. மதிப்பீடு. வெளிநாட்டுச் சட்டப் படிப்பை எடைபோடும் கனேடியக் குழு அது. பெறுபேற்றுப் பத்திரத்தைக் கல்வி நிறுவனமே நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் கையிலுள்ள பிரதி எடுபடாது. மாதக்கணக்கில் இழுபடுவது இங்கேதான். வகுப்புக்குப் போகாமல் படித்த எல்.எல்.பி. என்றால் கூடுதலாகக் கேட்பார்கள். எப்படியும் ஐந்து பாடம் உண்டு: கனேடியச் சட்ட அடிப்படைகள், அரசியலமைப்பு, நிர்வாகச் சட்டம், குற்றவியல், தொழில் ஒழுக்கம். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் பரீட்சைதான். ஆனாலும் ஒரு சம்பவத்தைத் தந்து அதற்குச் சட்டத்தைப் பொருத்தச் சொல்வார்கள். பாடமாக்கி ஒப்புவித்துப் பழகியவர்கள் அதில்தான் சறுக்குவார்கள். பிறகு மாகாணத்தின் உரிமம் எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் அதோடு பொதுவாக 8 மாதமளவு ஆர்ட்டிக்ளிங், அதாவது ஒரு சட்டத்தரணியின் கீழ் வேலை பழகும் பயிற்சியும் வரும். அந்த இடத்தைப் பிடிப்பது பரீட்சையை விடக் கஷ்டம்.

உரிமம் வருமுன் தெரிந்த சனத்துக்குக் காசு வாங்கிக் குடிவரவு ஆலோசனை சொல்லக்கூடாது. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவுப்படி அது குற்றம்.

இரண்டு துறையையும் ஒருவரே செய்வதன் பெறுமதி தண்டனை பேசும் இடத்தில்தான் தெரியும். எங்கள் நீதவான் நீதிமன்றங்களில் சின்ன வழக்கென்றால் குற்றத்தை ஏற்று, தண்டப்பணம் கட்டி, வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே அந்தப் பழக்கம் கட்சிக்காரரை நாடுகடத்திவிடும். குடிபோதையில் வாகனம் ஓட்டியதற்கு முதல் தடவை வெறும் தண்டப்பணம்தான் விதித்தார்கள் என்று வையுங்கள். 2018 டிசம்பர் 18 முதல் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை 10 வருடம். குடிவரவுச் சட்டத்தின் 36(1) பிரிவு பார்ப்பது விதித்த தண்டனையை மட்டுமல்ல, விதிக்கக்கூடிய தண்டனையையும். ஆகவே பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வைத்திருப்பவருக்குக்கூட அது 'பாரிய குற்றம்'. அதே ஆளுக்கு 6 மாதச் சிறை விழுந்தால், அதே சட்டத்தின் 64ஆம் பிரிவின்படி நாடுகடத்தலுக்கு எதிரான குடிவரவு மேன்முறையீட்டு உரிமையும் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைத்துக் கேட்டு வழக்கறிஞர்கள் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவருக்கு நிலைமை இன்னும் மோசம். சாதாரணத் தாக்குதல் குற்றத்தைச் சின்ன வழக்குகளுக்கான சுருக்க முறையில் விசாரித்திருந்தாலும், குடிவரவுச் சட்டம் அதைப் பெரிய வழக்காகவே எடுக்கும். அங்கே நிபந்தனையுடனான விடுவிப்பு கேட்டு வாங்க வேண்டும். அது குற்றத்தீர்ப்பாகக் கணக்கில் வராது.

ஊர் அனுபவம் வீண்போகாத இடமும் உண்டு. அகதிக் கோரிக்கையாளரின் கோப்பில் பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதும், சிங்களத்தில் ஒரு பி அறிக்கையும் இருக்கும். பி அறிக்கை என்பது விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று பொலிஸார் நீதவானுக்குச் சொல்வது. அது குற்றப்பத்திரமும் அல்ல, தீர்ப்பும் அல்ல. மொழிபெயர்ப்பில் அந்த வித்தியாசம் தொலைந்தால், குற்றத்தீர்ப்பே இல்லாத ஆளுக்கு அங்கே தேவையில்லாத கேள்விகள் வரும். வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவகத்தில் எடுத்து, எந்தத் தாள் என்ன என்று ஒரு சத்தியக்கடதாசியில் விளக்கி இணைக்க வேண்டும்.