அம்மாவின் சோற்றை நிறுத்தாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று கீமோ முடிந்திருக்கிறது. 52 கிலோ இருந்தவர் 46 கிலோவாகிவிட்டார். சோறு, பால், சர்க்கரை எல்லாம் கட்டியை வளர்க்கும் என்று உறவினர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜவ்வரிசிக் கஞ்சிதான் கொடுக்கிறோம். ஏற்காட்டு முள் சீத்தா இலைப் பொடி என்று ஒருவர் 3,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பொடி வேண்டாம். சோற்றை இன்றைக்கே மறுபடி போடுங்கள்.

சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாடு வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துச் சர்க்கரை செய்துகொள்ளும். அம்மாவின் ரவிக்கைக் கை தொளதொளத்துவிட்டதா? தரையிலிருந்து எழக் கை ஊன்றுகிறாரா? கரைவது தசைதான். இன்னும் இளைத்தால் அடுத்த கீமோவையே தள்ளிவைக்க நேரலாம்.

ஒரு விலக்கு உண்டு. வாந்தி வராதிருக்கக் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது ரத்தச் சர்க்கரையை ஏற்றும். நீரிழிவு உள்ளவருக்கு நிறையவே ஏறும், இல்லாதவருக்கும் ஏறலாம். அந்த நாள்களில் சர்க்கரை அளவைப் பாருங்கள், இனிப்பை ஒதுக்குங்கள். அப்போதும் சோற்றை நிறுத்துவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, பருப்போ முட்டையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். நீரிழிவுக்குச் சொன்ன பத்தியத்தைப் புற்றுநோய்க்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு நோயாளியை வாடவிடும் வீடுகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளி மாவு. தொண்டையில் எளிதாக இறங்கும், ஆனால் 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. 46 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 55 முதல் 70 கிராம் வரை புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் கிடைக்கும். கஞ்சியைப் பாலில் காய்ச்சுங்கள், பொட்டுக்கடலை மாவு கலக்குங்கள். வாய்ப்புண் இருந்தால் காரமில்லாத பருப்புச் சோறு, குழைத்து, ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு வாய்.

பொடிக்கு வருகிறேன். முள் சீத்தா புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று மனிதர்களிடம் நிரூபிக்கப்பட்டதே இல்லை. அதிலுள்ள அன்னோனாசின் நரம்பைக் கெடுக்கக்கூடியது. என்னிடம் ஒரு குடும்பம் கொண்டுவந்த பொட்டலத்தில் பச்சை இலைப் படமும் கைப்பேசி எண்ணும் மட்டும் இருந்தன. உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. விற்றவர் மருத்துவமனை வாசலிலேயே நின்று, கையில் ஃபைலோடு வருபவர்களாகப் பார்த்துப் பேசியிருக்கிறார். மலையின் பெயரைச் சொன்னால் எதுவும் மருந்தாகிவிடுகிறது! அவருக்கு அந்த இடத்தைக் கொடுத்தது யார்? உள்ளே மருத்துவர் ‘எல்லாம் சாப்பிடலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். உணவு ஆலோசகரைப் பார்க்கச் சீட்டு எழுதித் தருவதில்லை. அடுத்த முறை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முந்தைய சீட்டுகளிலுள்ள எடைகளை வரிசையாக எழுதிக் காட்டுங்கள்.

ஒவ்வொரு கீமோவும் முடிந்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணுக்கள் குறையும், கிருமி எளிதில் தொற்றும். அப்போது நம் ஊர்த் தெருக்கடைத் தட்டுவடை செட் வேண்டவே வேண்டாம். துருவிய பச்சைக் கேரட், பீட்ரூட், எந்தத் தண்ணீரில் அரைத்ததோ தெரியாத சட்னி எல்லாம் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆசைப்பட்டால் வீட்டில் தட்டையோடு வேகவைத்த காயும் அப்போதே அரைத்த சட்னியும் கொடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த 3,000 ரூபாயில் அம்மாவுக்கு ஒரு மாதத்துப் பாலும் முட்டையும் வரும்.