உலாவி உறைந்து, கணினியும் மறுதொடக்கம் ஆனால் உலாவியை மாற்றிப் பயன் உண்டா?

கணினியை ஃபார்மட் செய்த பிறகும் உலாவி அடிக்கடி உறைந்து நிற்கிறது, சில நேரம் கணினியே தானாக மறுதொடக்கம் ஆகிறது, வேறு உலாவிக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியாகாது என்றே கருதுகிறேன். எங்கள் வீட்டுக் கணினி இதே நிலையில் பல மாதங்கள் கிடந்தது. அதற்குச் செய்யப்பட்ட வைத்தியம் எல்லாம் நோய் இல்லாத இடத்தில்தான் நடந்தது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எது நின்றுபோகிறது என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டுமோ, உலாவி மட்டுமோ நின்று, மற்ற செயலிகள் இயல்பாக இயங்கினால் காரணம் பெரும்பாலும் உலாவிக்குள்ளேயே இருக்கும். குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எந்தப் பக்கம், எந்த நீட்டிப்பு (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) எவ்வளவு நினைவகத்தை (ரேம்) எடுத்துக்கொள்கிறது என்ற பட்டியல் வரும். ஃபயர்பாக்ஸில் உதவிப் பட்டியிலுள்ள டிரபிள்ஷூட் மோட் வழியாகத் தொடங்கினால் நீட்டிப்புகளும், வேலையை கிராஃபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கும் வன்பொருள் முடுக்கமும் இல்லாமல் திறக்கும். அந்த நிலையில் உறையவில்லை என்றால் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றே காரணம். இது சிறிது நேரத்தில் முடியும் வேலை.

ஆனால் சுட்டி நகராமல், கேப்ஸ் லாக் விளக்குகூட மாறாமல் கணினி முழுவதும் நின்றாலோ, விண்டோஸ் கவிழும்போது வரும் பிழைத்திரையான நீலத்திரை வந்தாலோ, தானாக மறுதொடக்கம் ஆனாலோ விஷயம் வேறு. உலாவி ஒரு சாதாரணச் செயலி. அது எவ்வளவு பிழையோடு எழுதப்பட்டிருந்தாலும் இயங்குதளத்தின் உட்கருவை நேரடியாகக் கவிழ்க்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அப்படிக் கவிழ்ப்பவை டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்), வன்பொருள், அரிதாக இயங்குதளத்தின் சொந்தப் பிழை. நினைவகம் தீர்ந்துபோனாலும் கணினி நின்றதுபோல் தோன்றுமே என்று சிலர் மறுக்கலாம். உண்மைதான், ஆனால் அந்நிலையில் வட்டு இடைவிடாமல் இயங்கிக்கொண்டிருக்கும், பொறுத்திருந்தால் கணினி பெரும்பாலும் மீண்டுவிடும். திடீரென்று மறுதொடக்கம் ஆகாது.

பிறகு ஏன் உலாவியைத் திறக்கும்போதுதான் இது நடக்கிறது? வீட்டுக் கணினியில் நினைவகத்தை அதிகம் நிரப்புவதும், காணொளிக்காக கிராஃபிக்ஸ் கார்டை வேலை வாங்குவதும், தற்காலிகக் கோப்புகளை ஓயாமல் வட்டில் எழுதுவதும் அதுவே. கூரையில் எங்கே ஓட்டை என்பதை மழை காட்டிக்கொடுப்பதைப்போல, பழுதான பாகத்தை உலாவி காட்டிக்கொடுக்கிறது.

எங்கள் கணினியில் இரண்டு பக்கங்கள் திறந்திருக்கும்வரை எந்தத் தொல்லையும் இருக்காது. காணொளியோடு பல பக்கங்கள் திறந்த பிறகு ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு தளத்தில். பிறகு நீலத்திரை வரும், அதிலும் ஒவ்வொரு முறை வேறு வேறு குறியீடு. பழுதுநீக்க வந்தவர் இவை எதையும் கேட்காமல் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் செய்தார்; தொல்லை திரும்பியபோது மறுபடியும் ஃபார்மட் செய்தார். விண்டோஸ் ஒவ்வொரு கவிழ்வையும் ஈவென்ட் வியூவர் என்ற நிகழ்வுப் பதிவேட்டில் பதிவு செய்கிறது, நீலத்திரையின்போது விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற இடத்தில் நினைவகத்தின் சுருக்கப் பதிவையும் சேமிக்கிறது. நோயாளியின் முழு வரலாறும் அங்கே இருக்க, அதைப் படிக்காமல் அழித்துவிட்டு, அந்த வேலைக்குக் கட்டணமும் வாங்கிச் செல்வதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அத்தொழிலில் இருக்கும் எல்லோரையும் சொல்லவில்லை. பொறுமையாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டுப் புகைப்படங்களில் ஒரு பகுதி அந்த ஃபார்மட்டில் போனது, அதைத் திரும்பப் பெற வழியே இல்லை.

இடமும் குறியீடும் மாறிக்கொண்டே இருந்ததுதான் எனக்குத் துப்பு. ஒரே டிரைவரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒழுங்கே இல்லாமல் வந்தால் நினைவகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற சோதனைக் கருவியை யுஎஸ்பியிலிருந்து தொடங்கி இரவு முழுவதும் ஓட விட்டேன்; காலையில் திரை முழுவதும் பிழைகள் சிவப்பாக நின்றன. ரேம் பட்டைகளைத் தனித்தனியே பொருத்திச் சோதித்தபோது, ஒன்று எந்தத் துளையில் வைத்தாலும் பிழை காட்டியது, மற்றொன்று இரு துளைகளிலும் சுத்தமாக ஓடியது. எனவே குறை மதர்போர்டில் அல்ல, அந்தப் பட்டையில். அதை மாற்றிய பிறகு அதே உலாவியே இன்றுவரை ஓடுகிறது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி அமைப்பு, கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் இயக்கப்பட்டிருந்தால், அதை அணைத்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள். சில நேரம் பட்டை நன்றாகவே இருக்கும், அந்த வேகத்தைத்தான் அது தாங்காது.

உங்களுக்கு ஃபார்மட் ஏன் பயன் தரவில்லை என்பதும் இதிலிருந்து புரியும். நினைவகம் பழுதாக இருந்தால் புதிதாக நிறுவப்படும் விண்டோஸின் கோப்புகளும் அந்தப் பழுதின் வழியாகத்தான் வட்டுக்குச் செல்கின்றன, நிறுவும்போதே அவை சிதையலாம். நகலெடுக்கும் கோப்புகளுக்கும் இதே ஆபத்து உண்டு. ஆகவே முக்கியமான கோப்புகளைக் காப்பதாக இருந்தால், முடிந்தவரை வட்டைக் கழற்றி வேறொரு நல்ல கணினியில் இணைத்து நகலெடுங்கள்.

உங்கள் கணினியிலும் ரேம்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. சிஸ்டம் பண்புகளின் ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி பகுதியில் தானாக மறுதொடக்கம் ஆகும் தெரிவை நீக்கிவிடுங்கள். அப்போது நீலத்திரை நிலைத்து நிற்கும், குறியீட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் மின்வழங்கியை (பவர் சப்ளை) மாற்றச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பதிவு, கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்று மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதே பட்டியலில் 4101 என்ற எண் தென்பட்டால், கிராஃபிக்ஸ் டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது என்று பொருள். விண்டோஸ் இயல்பாக 2 விநாடிகள் மட்டுமே அதற்காகப் பொறுத்திருக்கும். அப்போது அந்த டிரைவரை முழுவதும் நீக்கிப் புதிதாக நிறுவுங்கள், உலாவியில் வன்பொருள் முடுக்கத்தையும் சில நாள் அணைத்து வையுங்கள்.

நினைவகமும் டிரைவரும் தேறிவிட்டால் வெப்பநிலையையும், வட்டு தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்பதையும் பாருங்கள். மின்வழங்கியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் வீட்டில் அதைச் சோதிக்க, நன்றாக இயங்கும் இன்னொன்றைப் பொருத்திப் பார்ப்பதைத் தவிர நம்பகமான வழி இல்லை.