கேள்வி பதில்: ‘ஃபைல் மேலே போயிருக்கு’

கேள்வி: எங்கள் நிலத்தின் பட்டாவில் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த பணி) காலத்திலேயே தாத்தா பெயருக்குப் பதிலாகப் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறிவிட்டது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. எப்போது போனாலும் ‘ஃபைல் மேலே போயிருக்கு’ என்கிறார்கள். நீங்கள் வருவாய்த் துறையில் இருந்தவர். கவர் கொடுத்தால்தான் நகருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ஒரு மேஜையில் கொடுத்தால் அடுத்த மேஜையும் எதிர்பார்க்கும்.

1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். பணியில் விழுந்த பிழைகளுக்காக இன்றும் ஜனங்கள் அலைகிறார்கள். இந்த மாதிரி மனு கோட்டாட்சியரிடமிருந்து தாசில்தாருக்கும், அங்கிருந்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) வரைக்கும் அறிக்கை கேட்டு இறங்கும். பிறகு அதே படிகளில் திரும்ப ஏற வேண்டும். ‘மேலே’ என்று சொன்னாலும் பெரும்பாலும் கீழேதான் எங்காவது நிற்கும்.

தாலுகா அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தபோது ஒரு பெரியவர் செவ்வாய்தோறும் மஞ்சப்பையோடு வருவார். காலியாக இருந்த பக்கத்து சீட்டையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அவருடைய கோப்புக் கட்டு அந்த சீட்டுடையது. ‘அடுத்த வாரம் வாங்க ஐயா’ என்று ஐந்து முறை திருப்பி அனுப்பினேன். ஆறாவது முறை அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்த தீர்வை ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் நீவி அடுக்கினார். எழுந்துபோய்க் கட்டை அவிழ்த்தேன். வி.ஏ.ஓ.விடம் அறிக்கை கேட்கும் கடிதம், தாசில்தார் கையெழுத்தோடு, தபாலுக்குப் போகாமலே உள்ளே கிடந்தது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆனால் கட்டை அவிழ்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து வாரம் அவரை நடக்க வைத்திருக்கிறேன். அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் ‘ஃபைல் எங்கே’ என்று கேட்காதீர்கள். உங்கள் மனுவின் ந.க. எண்ணை, அதாவது அலுவலகம் அந்தக் கோப்புக்குக் கொடுத்த எண்ணை, கேளுங்கள். பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே, என்றைக்கு யாருக்கு எழுதினார்கள், பதில் வந்ததா, நினைவூட்டு போனதா என்று குறித்திருக்க வேண்டும். சொல்ல மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்தப் பக்கத்தின் நகலையே கேளுங்கள். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

நகல் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். எந்த மேஜையில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.