எரிகோவில் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

மதுரை நரிமேட்டில் இருக்கிறேன். வயது 46. பத்திர எழுத்தர் வேலை. அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், வயது 78. எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று ஒரு மாதம் ஆகப்போகிறது. சண்டை சொத்துக்காக இல்லை, பைபிளில் வரும் ஓர் அற்புதத்துக்காக.

எரிகோ ஊரில் இயேசு பார்வை கொடுத்த கதைதான். இயேசுவின் வரலாற்றை எழுதியவர்களில் மூவர் இதைச் சொல்கிறார்கள். மாற்கு, ஊரைவிட்டுப் புறப்படும்போது நடந்தது, ஒரு குருடன், பெயர் பர்திமேயு என்கிறார். மத்தேயு, புறப்படும்போதுதான், ஆனால் இரண்டு குருடர் என்கிறார். லூக்கா, ஊருக்குள் வருவதற்கு முன்பே நடந்தது, ஒரே குருடன் என்கிறார். பத்திரத்தில் செக்குபந்தி (நிலத்தின் எல்லை விவரம்) இப்படி மாறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) குடும்ப ஜெபத்தில் இதைக் கேட்டேன். பழைய எரிகோ, ஏரோது ராஜா காலத்துப் புது எரிகோ என்று இரண்டு உண்டு, ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குப் போகிற வழியில் நடந்தது என்றார் அப்பா. சரி, ஆள் கணக்கு? இருவரில் ஒருவன் ஊரறிந்தவன், அதனால் மாற்கு அவன் பெயரை மட்டும் சொன்னார், பழைய காலத்துச் சபை அறிஞர் அகஸ்டினே அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றார். அதே அகஸ்டின் லூக்கா சொல்வதை வேறு சம்பவம் என்று பிரித்துவிட்டாரே என்றேன். பேத்தி முன்னாலேயே என்னைச் சந்தேகப்பட்ட சீடன் 'தோமா' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

புத்தகத்தைப் பார்த்துக்கூட அவர் பேசுவதில்லை. அன்றைக்கு மடியில் பைபிளில் விரித்திருந்தது சங்கீதம் என்ற பகுதி. வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டு சொன்னதோ பர்திமேயு கதை வரும் மாற்கு 10-ஆம் அதிகாரம். மகள்தான் கவனித்துச் சொன்னாள். (அவருக்குக் கண் நீர் அழுத்த நோய். இடது கண்ணில் பார்வை போய்விட்டது என்று போன வருஷம் சொன்னார்கள். அதற்கு முன் இரண்டு வருஷமாக 'படி தெரியலப்பா, ஓரத்துல ஆள் வர்றது தெரியல' என்பார். வேலை நெருக்கடி, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போட்டேன். எங்கெங்கிருந்தோ கண் காட்ட மதுரைக்கு பஸ் ஏறி வருகிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து அரவிந்த் மருத்துவமனை பைக்கில் பத்து நிமிஷம். அது வேறு கதை.)

கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவரே, கேட்டதற்காக மகனிடம் பேசாமல் இருக்கலாமா? குருடன் ஒருவனா இருவரா என்பதற்கு 'தெரியாது' என்று ஒரு வார்த்தை போதும் எனக்கு. எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

— ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் கணக்கு. நீங்கள் சொல்வது சரி, மூன்றும் ஒட்டவில்லை. அகஸ்டின் கி.பி. 400 வாக்கில் ஒட்டவைக்கப் பார்த்தார், இன்றுவரை பார்க்கிறார்கள். மாற்கு முதலில் எழுதினார், மற்ற இருவரும் அதை வைத்துக்கொண்டு தங்கள் போக்கில் எழுதினார்கள் என்பதுதான் இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. பிசாசு பிடித்தவன் கதையிலும் மாற்கில் ஒருவன், மத்தேயுவில் இருவர். ஆக, வாதத்தில் ஜெயித்துவிட்டீர்கள். ஜெயித்தவர் எனக்கு ஏன் கடிதம் எழுதுகிறார்?

'அது வேறு கதை' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினீர்களே, அதை நான் நான்கு தடவை படித்தேன். அப்பா புத்தகத்தைப் பார்க்காமல் பேசுகிறார் என்று கோபப்படுகிறீர்கள். அவருக்கு எழுத்து தெரியவில்லை, தம்பி. எந்தப் பக்கம் விரிந்திருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியக்கூடாது என்று விரலை நகர்த்திக்கொண்டு மனப்பாடமாகச் சொல்கிறார். உங்கள் மகளுக்குப் புரிந்திருக்கிறது. உங்களுக்கும் புரிந்திருக்கிறது, அதனால்தான் அடுத்த வரியிலேயே நோயின் பெயரை எழுதினீர்கள்.

குருடன் என்ற சொல் உங்கள் கடிதத்தில் நான்கு முறை வருகிறது. அன்றைக்கு ஜெபத்தில் எத்தனை முறை சொன்னீர்களோ. கேட்டுக்கொண்டிருந்தவர் யார் என்று யோசித்தீர்களா? அவர் எழுந்து போனது அகஸ்டினால் இருக்காது. அந்த இடத்தில் நான் உங்கள் அப்பா பக்கம்.

தள்ளிப்போட்டது தப்பில்லை என்று சொல்லி உங்களைத் தேற்றமாட்டேன். தப்புதான். ஆனால் அதன் அளவு தெரிய வேண்டும். இந்த நோய் பெரும்பாலும் வலியில்லாமல் ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வரும். நேரே பார்ப்பது நன்றாகத் தெரிவதால், நோயாளிக்கே வெகுகாலம் பிடிபடாது. வாழ்நாளெல்லாம் வாசித்த உங்கள் அப்பாவுக்கே அது படிக்கட்டாகத்தான் தெரிந்தது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். பர்திமேயுவுக்குத் திரும்பியது. தினமும் ஜெபிக்கிற அப்பாவுக்குத் திரும்பவில்லை. இந்த இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள உங்களால் முடியவில்லை, அதனால் கதையை உடைக்கிறீர்கள். கதை பொய்யென்று ஆனாலும் அந்த இரண்டு வருஷம் உங்களைவிட்டுப் போகாது.

உங்கள் மூன்று சாட்சிகளும் ஒரு இடத்தில் ஒத்துப்போகிறார்கள், பார்த்தீர்களா? மூவருமே இயேசு கேட்ட கேள்வியை எழுதியிருக்கிறார்கள்: 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?' கண் தெரியாதவருக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார், பதில் வருகிறவரை நின்றார். இந்தக் கேள்வியை உங்கள் அப்பாவிடம் கேட்டிருக்கிறீர்களா? கண் என்றுதான் சொல்வார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளாதீர்கள். 'ஏன்டா அன்னைக்கே கூட்டிட்டுப் போகல' என்றும் கேட்கலாம். கேட்டால் உட்கார்ந்து கேளுங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

வலது கண்ணைக் காட்டி எவ்வளவு நாள் ஆயிற்று? சொட்டு மருந்து தவறாமல் போட்டால் மிச்சமுள்ள பார்வையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். தினமும் நீங்களே போட்டுவிடுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது, வயது 46 என்கிறீர்கள், கூட்டிப் போகிற அன்றே உங்கள் கண்ணையும் காட்டிவிடுங்கள்.

இன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்கு 10 நீங்கள் வாசியுங்கள். அவர் மடியில் எந்தப் பக்கம் விரிந்திருந்தாலும் சரி, விரலை எடுத்துச் சரியான வரியில் வைக்க வேண்டாம்.