குனியச் சொல்லவில்லை, இறங்கச் சொன்னார்கள்

கேள்வி: கபோய்ரா என்ற பிரேசில் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எஸ்கீவா பாய்ஷா தனியாகச் செய்தால் ஓரளவு வருகிறது. எதிரே ஒருவர் உதைத்தால் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துவிடுகிறேன், இல்லையென்றால் தடுமாறி உட்கார்ந்துவிடுகிறேன். மறுநாள் முட்டி வேறு வலிக்கிறது. எங்கே தப்பு?

பதில்: ‘குனிந்து’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அங்கேதான். எஸ்கீவா என்றால் போர்ச்சுகீசியத்தில் விலகித் தப்புவது, பாய்ஷா என்றால் தாழ்வானது. தாழ வேண்டியது இடுப்பு. ஜிங்காவில், அதாவது கால்களை மாற்றி மாற்றிப் பின்னால் வைத்து ஆடும் அடிப்படை அசைவில், வலது கால் பின்னால் போகும்போது வலது முன்னங்கை முகத்துக்கு முன்னால் வருமே, அதே நிலையில் இடது முட்டியை மடக்கி இடுப்பைக் கீழே விடுங்கள், புதிதாக எதுவும் சேர்க்காதீர்கள். உடம்பு முன்தொடைப் பக்கம் சாயும், வலது கை முகத்தை விட்டு நகராது, இடது கை இடது பாதத்துக்குப் பக்கத்தில் தரையைத் தொடும். தொடும், அவ்வளவுதான், ஊன்றினால் மாட்டிக்கொள்வீர்கள். கீழே இருக்கும்போதே அந்த விரல்களைத் தரையிலிருந்து எடுத்துப் பாருங்கள். சரிந்தால் எடை காலில் இல்லை, கையில் இருக்கிறது.

முட்டி வலிக்கு நான் முதலில் சந்தேகப்படுவது முன்காலை. குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா, முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பாதம் முழுதாகப் பதிந்து, கால்விரல்கள் பார்க்கும் பக்கமே முட்டியும் பார்க்க வேண்டும். சில நாள் பாதி ஆழம் வரை இறங்கினால் போதும், ஆசிரியர் திட்டினாலும் பரவாயில்லை. அப்படியும் வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் கண். தரையைப் பார்ப்பவருக்கு அடுத்த உதை வருவது தெரியவே தெரியாது, அதனால் முகத்துக்கு முன்னால் இருக்கும் கைக்கு மேலாக எதிராளியின் நெஞ்சைப் பார்த்தபடியே இறங்குங்கள். இதற்கு ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் குறுக்கே கட்டி, ஜிங்கா போட்டுக்கொண்டே அதன் அடியில் நுழைந்து மறுபக்கம் வாருங்கள். தலை தப்பி முதுகு கயிற்றில் உரசினால் இன்னும் குனிகிறீர்கள் என்று அர்த்தம். உரசாமல் வந்த பிறகு, கூடப் பயில்பவரை மெயா லூவா ஜி ஃப்ரென்ச்சியை மிக மெதுவாக வீசச் சொல்லுங்கள். கால் வெளியிலிருந்து உள்ளே அரைவட்டம் போடும் உதை என்பதால் வருவது நன்றாகத் தெரியும், பயந்து கண்ணை மூட வேண்டியிருக்காது.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டு இறங்குவதற்குக் கையால் தடுத்துவிட்டால் என்ன?

பதில்: ஆர்மாடா மாதிரி உடம்பே சுழன்று வரும் உதையைக் கையால் தடுத்துப் பார்த்தால் முன்னங்கையே பதில் சொல்லிவிடும். அதை விடுங்கள், தடுத்தால் இரண்டு பேரும் நின்றுபோவார்கள். எஸ்கீவாவில் இறங்கியவர் அங்கிருந்தே ரோலேயில் உருண்டு வெளியேறலாம், இல்லை எதிர் உதை வீசலாம், ஆட்டம் அறுபடாது. பிரேசிலின் சால்வடாரில் கபோய்ரா ஆசான் மெஸ்ட்ரே பிம்பா வகுத்த பயிற்சித் தொடர்களும் இப்படித்தான்: ஒருவர் உதைப்பார், மற்றவர் தப்பித்துத் திருப்பித் தாக்குவார். முகத்துக்கு முன்னால் கை வைப்பது, இறங்கத் தாமதமாகிவிட்டால் மூக்கு தப்பட்டும் என்றுதான்.