நர்சிங் இன்டர்வியூவுக்குத் தங்கை கண்டாங்கி கட்டிக்கொண்டு போகலாமா?

தங்கை பி.எஸ்சி நர்சிங் முடித்திருக்கிறாள், காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இன்டர்வியூ, அம்மா கண்டாங்கிச் சேலை கட்டச் சொல்கிறார், அவள் சுடிதார்தான் என்கிறாள், யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் ஓட்டு தங்கைக்கு. ஆனால் துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தியிருக்க வேண்டும்.

இந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பில் இருந்தவள் நான். ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். பல இடங்களில் கேள்வி முடிந்ததும் வார்டுக்கோ செய்முறை அறைக்கோ கூட்டிப்போய், பி.பி. பார்க்கச் சொல்வோம், காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸிங் டிரே வைக்கச் சொல்வோம். ஒரு பெண் பாடமெல்லாம் கணீரென்று சொன்னாள். டிரேயைத் திறந்து ஃபோர்செப்ஸை (இடுக்கியை) எடுக்கக் குனிந்தாள். ஜார்ஜெட் துப்பட்டா தோளிலிருந்து வழுக்கி, பஞ்சு உருண்டைகள் மேல் விழுந்தது. அவ்வளவுதான், அந்த டிரே முழுக்க மறுபடி ஆட்டோகிளேவுக்கு, அதாவது நீராவியில் கிருமி நீக்கும் இயந்திரத்துக்கு, போக வேண்டும். அதைவிட, விழுந்ததை அவள் சட்டென்று எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்ததுதான் எங்களுக்கு உறுத்தியது.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கண்டாங்கி நம்ம ஊர்த் தறிச் சேலை, 2019-இல் புவிசார் குறியீடும் வாங்கியது, பருத்தி என்பதால் வெயிலுக்கும் நல்லது. ஆனால் புதுச் சேலை முரடாக நிற்கும், கொசுவம் அடங்காது. தினமும் சேலை கட்டிப் பழகாத பெண் ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டேதான் பதில் சொல்வாள். நாலு தடவை துவைத்து மெத்தென்று ஆன பழைய கண்டாங்கி, தங்கைக்குக் கட்டிப் பழக்கமும் உண்டு என்றால், தாராளமாகக் கட்டட்டும். பட்டு மட்டும் வேண்டாம், அது அறுபதாம் கல்யாணம் மாதிரி வீட்டு விசேஷத்துக்கு இருக்கட்டும்.

எனக்கு உடையைவிடக் கைதான் முதலில் கண்ணில் படும். வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டும். மோதிரத்துக்கு அடியில் கிருமி தங்கும், சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பிரிட்டனில் 2007-லேயே நோயாளியைத் தொடுகிறவர்களுக்கு முழங்கைக்குக் கீழே துணியோ வாட்சோ கூடாது என்று வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது. நகத்தை ஒட்ட வெட்டி, பாலிஷை அழித்துவிடுங்கள்.

கயிறு விஷயம் கொஞ்சம் சிக்கல். கொப்புடையம்மன் கோயிலிலோ குன்றக்குடியிலோ வேண்டிக் கட்டிய கயிற்றைக் கழற்ற வீட்டில் மனசு வராது. மணிக்கட்டில் ஈரம் ஊறிக் கிடக்கும் கயிறு வார்டுக்கு ஆகாது, அதனால் முழங்கைக்கு மேலே மாற்றிக் கட்டிக்கொள்ளச் சொல்வேன். சாமி கோபித்துக்கொள்ளாது என்று ஆச்சியிடம் நீங்கள்தான் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும்.

கூந்தலைக் கொண்டை போட்டு வலை மாட்டினால் முடிந்தது. மல்லிகைப்பூ, சென்ட் வேண்டாம். மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவருக்கு வாசனையே தொல்லை. சின்னக் கம்மலும் மூக்குத்தியும் பொட்டும் இருக்கலாம், அதையெல்லாம் நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. செருப்புக்குப் பதில் முன்பக்கம் மூடிய, தட்டையான ஷூ. பேசிக்கொண்டிருக்கும்போதே ஊசி கீழே விழுவது வார்டில் நடக்கிற காரியம்தான்.

தம்பிமார் யாராவது இதைப் படித்தால்: முழுக்கைச் சட்டை போடுங்கள், மடித்துவிட வசதி. தாடி அடர்த்தியாக இருந்தால் என்95 மாஸ்க் முகத்தில் ஒட்டி நிற்காது, காற்று ஓரத்தில் புகுந்துவிடும்.

நிறம் எதுவானாலும் சரி. தேவகோட்டையிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ பஸ்ஸில் நின்றுகொண்டு வருவதாக இருந்தால் வெளிர்நீலம், சாம்பல் போன்றவற்றில் வேர்வை படம் போட்டுக் காட்டும். பூப்போட்ட காட்டன் அதை மறைக்கும்.

அப்புறம், அழைப்புக் கடிதத்தை ஒருமுறை பாருங்கள். சில இடங்களில் கல்லூரி யூனிஃபார்மில் வரச் சொல்வார்கள். கடிதத்தில் ஒன்றும் எழுதவில்லை என்றால் போன் போட்டுக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யூனிஃபார்ம்தான் என்றால் இஸ்திரிக்காரரிடம் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், முகூர்த்த நாள் வந்தால் அவர் கையில் துணி சிக்கிக்கொள்ளும்.